தொடுகிறது என்று யார் சொன்னது?

ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ் செய்கிறவர்களிடம், எது உங்களை அதிகம் படுத்துகிறது என்று கேட்டுப் பாருங்கள். சிலர் மெஷ் என்பார்கள். பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் காண்டாக்ட் என்றுதான் சொல்வார்கள். லோடில் கால்வாசிகூட ஏறாமல் சால்வர் திணறுவது, கன்வர்ஜ் ஆகாமல் பாதியில் நின்றுபோவது, ஒரு பார்ட் இன்னொரு பார்ட்டுக்குள் புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்ப்பது, இவையெல்லாம் அநேகமாக அங்கேதான் நடக்கின்றன.

வேலைக்குப் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் முதல் பெரிய சந்தேகமும் இதுதான்.

"அண்ணா, ரெண்டு பார்ட்டையும் கேட்ல ஒட்டித்தான் வச்சிருக்கேன். நடுவுல இடைவெளியே இல்ல. ஆனா லோடு குடுத்தா மேல இருக்கிறது கீழ இருக்கிறதுக்குள்ள பூந்துடுது. ஏன்?"

நல்ல கேள்வி. திரையில் இரண்டும் ஒட்டியிருப்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது. சால்வருக்குக் கண் கிடையாது. அதனிடம் இருப்பது நோடு எண்களும் சமன்பாடுகளும் மட்டுமே. ஒரே இடத்தில் இரண்டு நோடு உட்கார்ந்திருந்தாலும், எண் வேறென்றால் அவை ஒன்றையொன்று அறியாது. "இது இரும்பு, இதற்குள் இன்னொரு இரும்பு போக முடியாது" என்ற விதி ஸ்டிஃப்னஸ் மேட்ரிக்ஸில் தானாக எங்கும் எழுதப்படவில்லை. நாம் எழுதினால்தான் உண்டு. அதை எழுதுகிற இடம்தான் காண்டாக்ட் எலிமென்ட்.

ஆகவே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மாடலில் இருக்கும் ஒவ்வொரு காண்டாக்ட் ஜோடியும் இன்ஜினியர் தருகிற ஒரு வாக்குமூலம். "இந்த இரண்டு பரப்பும் இப்படித்தான் நடந்துகொள்ளும்" என்று நாம் சொல்கிறோம், மென்பொருள் அதை அப்படியே நம்பிக் கணக்குப் போடுகிறது. எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும். சொன்னது சரிதானா என்று பிறகு சரிபார்க்கவும் வேண்டும்.

மூன்று வரி விதி

தொடுதலுக்கான அடிப்படை விதிகள் மூன்றே வரியில் அடங்கிவிடும். ஒன்று, இரண்டு பரப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. இரண்டு, தொடும் இடத்தில் ஒன்றையொன்று தள்ளலாம், இழுக்கக் கூடாது. மூன்று, இடைவெளி இருக்கும் இடத்தில் அழுத்தம் இருக்காது, அழுத்தம் இருக்கும் இடத்தில் இடைவெளி இருக்காது.

இதில் சிக்கல் எங்கே வருகிறது? எந்த இடம் தொடும், எந்த இடம் திறந்துகொள்ளும் என்று முன்கூட்டியே தெரியாது. அது தெரிந்தால்தான் கணக்குப் போட முடியும், கணக்குப் போட்டால்தான் அது தெரியும். அதனால் சால்வர் ஒன்றை ஊகித்து, கணக்குப் போட்டு, விதி மீறிய இடங்களைத் திருத்தி, மறுபடி கணக்குப் போடுகிறது. மெட்டீரியல் முழுக்க நேர்கோட்டு நடத்தை கொண்டதாக இருந்தாலும், காண்டாக்ட் ஒன்று வந்துவிட்டால் முழுக் கணக்கும் நான்லீனியர் ஆகிவிடுகிறது.

இந்தத் தொடுதல் கணக்கைக் கையாலேயே போட்டுக் காட்டியவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளராக இருந்த காலம். இரண்டு கண்ணாடி லென்ஸ்களை அழுத்திப் பிடித்தால், அந்த அழுத்தத்தில் லென்ஸ் நசுங்கி, நடுவில் தெரியும் ஒளி வளையங்களை மாற்றுமா என்ற கேள்வி அவருக்கு. 1880 கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து தீர்வு கண்டார். அப்போது வயது 23. பேரிங், கியர், ரயில் சக்கரம் என்று இன்று நாம் போடும் காண்டாக்ட் கணக்குகளுக்கெல்லாம் தாய்க்கணக்கு அதுதான்.

எந்த வடிவத்துக்கும் பொருந்தும்படியான பொதுக் கேள்வியை, உராய்வில்லாத அடித்தளத்தின் மேல் கிடக்கும் ஒரு மீள்பொருளை வைத்து, இத்தாலியின் அந்தோனியோ சிக்னோரினி கேட்டார். தீர்வு உண்டு, அது ஒன்றே ஒன்றுதான் என்று 1963 ஜனவரியில் நிறுவியவர் அவருடைய மாணவர் கயெத்தானோ ஃபிகேரா. அடுத்த மாதம் சிக்னோரினி காலமானார். தன் கேள்விக்கு விடை கிடைத்ததைத் தெரிந்துகொண்டுதான் போனார். நாம் ஒரு நொடியில் சொடுக்கிப் போடுகிற காண்டாக்டுக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் மரியாதை கலந்த வியப்பு.

பரப்பின் மேல் போர்த்தும் எலிமென்ட்

இப்போது வேலைக்கு வருவோம். நான் அன்சிஸ் மொழியில் சொல்கிறேன். அபாகஸிலும் கால்குலிக்ஸிலும் பெயர்தான் மாறும், விஷயம் ஒன்றே.

சாலிட் எலிமென்ட்களால் மெஷ் செய்த இரண்டு பார்ட்கள் இருக்கின்றன. ஒன்றின் தொடும் பரப்பின் மேல் கான்டா174 என்ற எலிமென்ட்களைப் போர்த்துகிறோம். எதிர்ப்பக்கப் பரப்பின் மேல் டார்ஜ்170 எலிமென்ட்கள். இவற்றுக்குக் கனம் கிடையாது, புதிய நோடும் வராது. அடியில் இருக்கும் சாலிட் எலிமென்ட்டின் முகத்தில் உள்ள அதே நோடுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே ரியல் கான்ஸ்டன்ட் எண்ணைக் கொடுத்தால், "நீங்கள் இருவரும் ஜோடி" என்று ஆகிவிடும்.

வொர்க்பெஞ்சில் இதையெல்லாம் மென்பொருளே செய்துவிடுகிறது. கட்டளை எழுதிச் செய்பவர்கள் செய்யும் வரிசை இது: முதலில் தொடும் பரப்பில் உள்ள நோடுகளைத் தேர்வு செய்வது, பிறகு அந்த நோடுகளோடு சேர்ந்த சாலிட் எலிமென்ட்களைத் தேர்வு செய்வது, எலிமென்ட் வகையையும் ரியல் கான்ஸ்டன்ட் எண்ணையும் மாற்றிக்கொள்வது, கடைசியில் ஈசர்ஃப் கட்டளை. எதிர்ப்பக்கத்துக்கும் இதே வரிசைதான். ஒருமுறையாவது இப்படிக் கையால் செய்து பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். உள்ளே என்ன நடக்கிறது என்பது அப்போதுதான் மனதில் பதியும்.

கையால் செய்யும்போது தவறாமல் பார்க்க வேண்டியது எலிமென்ட்டின் நார்மல் திசை. காண்டாக்ட் பக்கத்து நார்மல் டார்கெட்டை நோக்கியும், டார்கெட் பக்கத்து நார்மல் காண்டாக்டை நோக்கியும் இருக்க வேண்டும். சாலிட்டின் மேல் போர்த்தினால் இது பொதுவாகச் சரியாகவே வரும். ஷெல் எலிமென்ட்டில் மேல்முகமா கீழ்முகமா என்ற குழப்பம் வரும். ரிஜிட் டார்கெட்டை நாமே வரைந்தால் அதன் திசைக்கும் நாமே பொறுப்பு. திசை தலைகீழாக இருந்தால் மோதலே கண்டுபிடிக்கப்படாமல் போகலாம்.

யார் காண்டாக்ட், யார் டார்கெட்?

இந்தக் கேள்விக்கு மனப்பாடமாக ஒரு பட்டியல் சொல்வார்கள். குவிந்த பரப்பு காண்டாக்ட், தட்டையானதோ குழிந்ததோ டார்கெட். மெஷ் நெருக்கமானது காண்டாக்ட், அகலமானது டார்கெட். மென்மையான பொருள் காண்டாக்ட், கெட்டியானது டார்கெட். சிறிய பரப்பு காண்டாக்ட், பெரியது டார்கெட்.

காரணம் தெரிந்தால் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளவே தேவையில்லை. சோதனை ஒரு பக்கத்திலிருந்துதான் நடக்கிறது. காண்டாக்ட் எலிமென்ட்டில் உள்ள சோதனைப் புள்ளிகள் டார்கெட் பரப்புக்குள் போகின்றனவா என்று மட்டுமே மென்பொருள் பார்க்கும். டார்கெட்டின் ஒரு நோடு காண்டாக்ட் பரப்புக்குள் குத்திக்கொண்டு நுழைந்தால் அதைக் கேட்க ஆளில்லை. எனவே சோதனைப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் பக்கத்தைக் காவலுக்கு வைக்கிறோம். தட்டைப் பரப்பில் மெஷ் அகலமாக இருந்து அதைக் காண்டாக்ட் ஆக்கினால், அதன் மேல் அழுத்தும் ஒரு பந்தின் அடிப்பகுதி இரண்டு சோதனைப் புள்ளிகளுக்கு நடுவே சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

யார் எது என்று தீர்மானிக்கவே முடியவில்லை என்றால் இரண்டு பக்கமும் இரண்டு வேலையும் செய்யும்படி சமச்சீர் ஜோடி கொடுக்கலாம். நேரம் கூடும். அழுத்தத்தைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும், இரண்டு பக்கமும் காட்டும் அழுத்தங்களின் சராசரிதான் உண்மையான அழுத்தம்.

பாண்டெட் என்பது ஒரு பெரிய வாக்குறுதி

அசெம்ப்ளியைத் திறந்தவுடன் மென்பொருள் தானாகவே அருகருகே இருக்கும் பரப்புகளைக் கண்டுபிடித்து எல்லாவற்றுக்கும் பாண்டெட் காண்டாக்ட் போட்டுவிடுகிறது. மாடல் உடனே ஓடும், கலர் படமும் வரும். பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பாண்டெட் என்றால் இரண்டு பரப்பையும் ஃபெவிகால் போட்டு ஒட்டின மாதிரி: தள்ளலாம், இழுக்கலாம், வழுக்காது, பிரியவே பிரியாது. மேலே சொன்ன மூன்று வரி விதியில் இரண்டாவதை நாமே ரத்து செய்துவிட்டோம் என்று பொருள்.

ஒரு எல் வடிவ பிராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். தூணில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு எம்12 போல்ட் போட்டு மாட்டியிருக்கிறது. நுனியில் எடை தொங்குகிறது. உண்மையில் என்ன நடக்கும்? பிராக்கெட் கீழ் ஓரத்தில் தூணை அழுத்தும், மேல் ஓரம் தூணை விட்டு விலகப் பார்க்கும், மேல் போல்ட்கள் அதை இழுத்துப் பிடிக்கும். தகடு மெலிதாக இருந்தால் நெம்புகோல் விளைவும் சேர்ந்து, போல்ட்டில் இழுவிசை நாம் எளிய கணக்கில் போட்டதைவிடக் கூடும்.

பிராக்கெட்டுக்கும் தூணுக்கும் நடுவே பாண்டெட் கொடுத்தால் இதெல்லாம் நடக்காது. மேல் ஓரம் விலகவே விலகாது. இழுவிசையைப் பசை தாங்கிக்கொள்ளும், போல்ட்டுக்கு வேலையே இருக்காது. ரிசல்ட்டில் போல்ட் குளிர்ச்சியான நீல நிறத்தில் தெரியும். "போல்ட் சேஃப்" என்று ரிப்போர்ட் எழுதினால், இல்லாத பசையின் மேல் ஆளை நிற்கவைத்த கணக்கு.

சரியாகச் செய்ய என்ன வேண்டும்? பிராக்கெட்டுக்கும் தூணுக்கும் உராய்வுடன் கூடிய சாதாரண காண்டாக்ட். போல்ட் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் அதே. முதல் லோடு ஸ்டெப்பில் போல்ட்டுக்கு முன்இறுக்கம். 8.8 கிரேடு எம்12 போல்ட்டுக்கு இது சுமார் 35 கிலோ நியூட்டன் அளவில் வரும். அந்த நீளத்தைப் பூட்டிவிட்டு, இரண்டாவது ஸ்டெப்பில் எடையைக் கொடுக்க வேண்டும். அப்போது போல்ட் துளையைச் சுற்றிய சிறு வட்டத்தில் மட்டும் அழுத்தம் நிற்பதையும், தள்ளியுள்ள ஓரம் திறப்பதையும் காண்டாக்ட் ஸ்டேட்டஸ் படத்தில் கண்ணாலேயே பார்க்கலாம்.

பாண்டெட் எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. வெல்டிங் செய்த இணைப்பு, ஒரே பார்ட்டில் மெஷ் அளவு மாறும் இடம், நாம் கவனிக்கும் பகுதிக்கு வெகு தூரத்தில் உள்ள இணைப்பு, இங்கெல்லாம் அது சரியான தேர்வு. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. பின்பால் என்ற தேடும் வட்டத்தைப் பெரிதாக வைத்திருந்தால், உண்மையில் இடைவெளி விட்டு வடிவமைத்த இரண்டு பரப்புகளையும் சேர்த்து ஒட்டிவிடும். ஒட்டியது எவையெவை என்று பட்டியலை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிடுங்கள்.

உராய்வுக் கெழுவைப் பொறுத்தவரை ஒரே ஒரு எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கும் பெயின்டும் அதை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றும். 0.1-க்கு ஒன்று, 0.2-க்கு ஒன்று என்று இரண்டு ரன் போட்டு, முடிவு எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். ஆடவில்லை என்றால் நிம்மதி. ஆடினால், வடிவமைப்பே உராய்வை நம்பி நிற்கிறது என்ற முக்கியமான செய்தி உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

எவ்வளவு ஊடுருவலாம்?

மூன்று வரி விதியை மென்பொருள் எப்படி அமல்படுத்துகிறது? மிகவும் புழக்கத்தில் உள்ளது பெனால்டி முறை. இரண்டு பரப்புக்கும் நடுவே ஒரு கெட்டியான ஸ்பிரிங் இருப்பதாக வைத்துக்கொள்கிறது. கொஞ்சம் உள்ளே போனால் அதற்கேற்ப எதிர்விசை வரும். ஆகையால் இந்த முறையில் சிறிதளவு ஊடுருவல் கட்டாயம் இருக்கும், ஊடுருவாமல் அழுத்தமே வராது. ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் ஊடுருவல் குறையும், ஆனால் கணக்கு முரண்டுபிடிக்கும்: ஒரு சுற்றில் தொடுகிறது, அடுத்த சுற்றில் விலகுகிறது, மறுபடி தொடுகிறது என்று தாவிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் சுலபமாகக் கன்வர்ஜ் ஆகும், விடை தப்பாக இருக்கும்.

அன்சிஸில் இயல்பாக வரும் ஆக்மென்டெட் லக்ராஞ்ச் முறை இதன் திருத்தப்பட்ட வடிவம். ஊடுருவல் அனுமதித்த அளவுக்குக் கீழே வரும்வரை அழுத்தத்தைச் சுற்றுச்சுற்றாகத் திருத்திக்கொண்டே போகும். அந்த அனுமதித்த அளவு எவ்வளவு? நாம் எதுவும் சொல்லாவிட்டால், அடியில் உள்ள எலிமென்ட்டின் ஆழத்தில் பத்தில் ஒரு பங்கு. இந்த எண்ணைப் பலர் கவனிப்பதே இல்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஹெர்ட்ஸின் பந்தை வைத்தே காட்டுகிறேன்.

20 மி.மீ விட்டமுள்ள எஃகுப் பந்து, தட்டையான எஃகுத் தகட்டின் மேல். எஃகின் யங் குணகம் 210 கிகா பாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3. மேலிருந்து 100 நியூட்டன் அழுத்தம், அதாவது கிட்டத்தட்ட 10 கிலோ எடை. ஹெர்ட்ஸ் சூத்திரப்படி தொடும் வட்டத்தின் ஆரம் 0.187 மி.மீ. நடுவில் உச்ச அழுத்தம் 1,371 மெகா பாஸ்கல். பந்தும் தகடும் நெருங்கும் தூரம் வெறும் 3.5 மைக்ரான்.

இதற்கு 1 மி.மீ மெஷ் போட்டால் தொடும் வட்டம் முழுவதும் ஒரே எலிமென்ட்டுக்குள் அடங்கிவிடும். அனுமதித்த ஊடுருவல் 0.1 மி.மீ, அதாவது 100 மைக்ரான். உண்மையான நெருக்கமே 3.5 மைக்ரான்தான் எனும்போது, அதைப்போல ஏறக்குறைய 30 மடங்கு தவறை நாமே அனுமதித்திருக்கிறோம். மெஷ்ஷை 0.02 மி.மீ ஆக்கினாலும் அனுமதி 2 மைக்ரான், அதுவும் விடையில் பாதிக்கு மேல். எனவே மெஷ்ஷை நெருக்குவதோடு ஊடுருவல் வரம்பையும் நாமே இறுக்கிக் கொடுக்க வேண்டும். எந்த வரம்பு போதும் என்பதை, நாம் அளக்க விரும்பும் இடப்பெயர்ச்சிதான் சொல்லும். இங்கே அது மைக்ரானில் இருக்கிறது. மோதலைத் தாங்கும் ஒரு பெரிய ரப்பர் பம்பரில் மில்லிமீட்டரில் இருக்கும்.

இதே மாடலில் இன்னொன்றையும் செய்து பாருங்கள். லோடை 800 நியூட்டன் ஆக்குங்கள். லோடு 8 மடங்கு, ஆனால் தொடும் வட்டத்தின் ஆரம் 2 மடங்கு, உச்ச அழுத்தமும் 2 மடங்குதான். அழுத்த அழுத்தத் தொடும் இடம் விரிந்துகொண்டே போவதால் இப்படி. உங்கள் மாடல் இந்த உறவைத் திருப்பிச் சொன்னால் காண்டாக்டைச் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். கூடவே பரப்புக்கு அடியில் பாருங்கள்: 100 நியூட்டனில் உச்ச வெட்டுத்தகைவு சுமார் 425 மெகா பாஸ்கல், அது பரப்பில் இல்லாமல் 0.09 மி.மீ ஆழத்தில் வரும். பேரிங்கில் விரிசல் உள்ளிருந்து கிளம்பி மேலே வந்து செதில் செதிலாக உரிவதற்கு இதுவே அடிப்படைக் காரணம். மெஷ் நெருக்கமாக இல்லையென்றால் அந்த இடமே படத்தில் தெரியாது.

வட்டத்தைப் பலகோணமாக்கினால்

ஷாஃப்ட்டின் மேல் ஹப்பை ஷ்ரிங்க் ஃபிட் செய்யும் கணக்கு நம் வேலையில் அடிக்கடி வரும். அங்கே வேறொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது.

50 மி.மீ ஷாஃப்ட். எச்7/எஸ்6 ஃபிட் என்றால் ஷாஃப்ட் விட்டம் துளையைவிட 18 முதல் 59 மைக்ரான் வரை பெரிதாக இருக்கும். ஆரத்தில் சொன்னால் அதிகபட்சம் 0.03 மி.மீ. இப்போது சுற்றளவில் 36 நேர்கோட்டு எலிமென்ட்கள் போடுகிறோம். ஒவ்வொன்றும் 10 டிகிரி. வட்டம் 36 பக்கப் பலகோணம் ஆகிவிட்டது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் உண்மையான வட்டத்திலிருந்து 0.095 மி.மீ உள்வாங்கி நிற்கிறது. நாம் கணக்கிட விரும்பும் இறுக்கத்தைப்போல மூன்று மடங்கு அளவுள்ள தவறு, மெஷ்ஷிலேயே பிறந்துவிட்டது. ஹப்பின் நோடுகளும் ஷாஃப்ட்டின் நோடுகளும் வெவ்வேறு கோணத்தில் இருந்தால் ஓரிடத்தில் போலி இடைவெளி, பக்கத்திலேயே போலி ஊடுருவல். அழுத்தப் படம் புள்ளிபுள்ளியாக, அம்மைத் தழும்பு போட்டது கணக்காக வரும்.

இதற்கு வழிகள் உண்டு. நடுநோடு உள்ள இரண்டாம் வரிசை எலிமென்ட்களை எடுத்து, நடுநோடு உண்மையான வளைவின் மேல் உட்காரும்படி செய்தால் இந்தத் தவறு மிகவும் சுருங்கிவிடும். ஷாஃப்ட்டையும் ஹப்பையும் ஒரே கோணங்களில் நோடு வரும்படி மெஷ் செய்வதும் நல்லது. அன்சிஸில், இந்தப் பரப்பு உண்மையில் உருளை என்று சொல்லி வடிவத் திருத்தம் கொடுக்கும் வசதியும் இருக்கிறது.

இறுக்கத்தையே ஜியோமெட்ரியில் வரையாமல், இரண்டையும் ஒரே விட்டத்தில் வரைந்து, காண்டாக்ட் ஆஃப்செட்டாக எண்ணைக் கொடுப்பது நான் விரும்பும் முறை. 18 மைக்ரானுக்கு ஒரு ரன், 59 மைக்ரானுக்கு ஒரு ரன் என்று மாற்றிப் பார்ப்பது அப்போது ஒரு எண்ணை மாற்றும் வேலைதான், வரைபடத்தைத் தொடவே வேண்டாம்.

விடையைச் சரிபார்க்க லாமேயின் சூத்திரம் இருக்கிறது. ஷாஃப்ட் திண்மம், ஹப்பின் வெளிவிட்டம் 100 மி.மீ, இரண்டும் எஃகு, ஆரத்தில் இறுக்கம் 0.02 மி.மீ என்றால் தொடும் அழுத்தம் 63 மெகா பாஸ்கல். ஹப்பின் உள்விளிம்பில் வட்டத்தகைவு 105 மெகா பாஸ்கல். ஹப்பின் நடுப்பகுதியில் இந்த எண்கள் வர வேண்டும். ஷாஃப்ட் வெளியே நீண்டிருப்பதால் ஹப்பின் இரு ஓரங்களில் அழுத்தம் இதைவிட ஏறும், அது உண்மையான விளைவு, பயப்பட வேண்டாம்.

இந்த 63-ஐ ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன்? ஹப்பின் நீளம் 50 மி.மீ, உராய்வுக் கெழு 0.15 என்றால், இந்த அழுத்தத்தில் ஹப் வழுக்காமல் தாங்கும் முறுக்கு சுமார் 1.85 கிலோ நியூட்டன் மீட்டர். அழுத்தம் பாதியானால் முறுக்கும் பாதி. போலி ஊடுருவல் ஏற்றிக்காட்டிய அழுத்தத்தை நம்பி வடிவமைத்தால், மெஷினை ஓட்டும் நாளில் ஷாஃப்ட் மட்டும் சுற்றும், ஹப் நின்றுவிடும்.

பார்ட் பறந்துபோகும் பிரச்சினை

ஸ்டாடிக் ரன்னில் முதல் சுற்றிலேயே இடப்பெயர்ச்சி எல்லை மீறிவிட்டது என்று சால்வர் கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் பெரும்பாலும் எளிமையானது. மேலே உள்ள பார்ட்டுக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, காண்டாக்ட் ஒன்றுதான் பிடிமானம். ஆனால் தொடக்கத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. தொடாத காண்டாக்டுக்கு ஸ்டிஃப்னஸ் கிடையாது. விசை கொடுத்தால் தடுக்க ஆளின்றி அந்தப் பார்ட் முடிவிலிக்குப் போகிறது.

முதல் வழி, விசையால் தொடங்காமல் இடப்பெயர்ச்சியால் தொடங்குவது. சிறிய ஒரு ஸ்டெப்பில் பார்ட்டைத் தள்ளித் தொடவைத்து, அடுத்த ஸ்டெப்பில் விசைக்கு மாறலாம். இரண்டாவது, வடிவமைப்பில் இல்லாத இடைவெளி என்றால் அதை மூடிவிடச் சொல்லும் ஆரம்பச் சரிப்படுத்தல். மூன்றாவது, பலவீனமான ஸ்பிரிங்கோ காண்டாக்ட் டேம்பிங்கோ கொடுப்பது. இந்த மூன்றாவதைப் பயன்படுத்தினால் ஸ்பிரிங்கில் சேர்ந்த விசை எவ்வளவு என்று கடைசியில் கட்டாயம் பாருங்கள். மொத்த லோடோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை என்ற அளவில் இருக்க வேண்டும்.

கார் மோதல் போன்ற கணக்குகளில் நிலைமை வேறு. எந்தத் தகடு எந்தத் தகட்டின் மேல் மடங்கி விழும் என்று யாருக்கும் தெரியாது, ஜோடி ஜோடியாகக் கொடுக்கவும் முடியாது. ஜான் ஹால்க்விஸ்ட் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 1976-ல் வெளியிட்ட டைனா3டி நிரலின் வழிவந்த எல்எஸ்-டைனாவில், எல்லாப் பரப்பும் எல்லாவற்றோடும் மோதலாம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அங்கே கன்வர்ஜ் ஆகாத பிரச்சினை கிடையாது. அதற்குப் பதிலாக ஆற்றல் கணக்கைப் பார்க்க வேண்டும். காண்டாக்டில் சேரும் ஆற்றல் பெரிய அளவில் மைனஸில் போனால், எங்கோ ஆரம்பத்திலேயே தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று கிடக்கின்றன என்று சந்தேகப்படுங்கள்.

நான் விடாமல் பார்க்கும் சோதனைகள்

சால்வ் பொத்தானை அழுத்தும் முன் காண்டாக்டின் ஆரம்ப நிலையை அச்சிட்டுப் பார்த்துவிடுவேன். எந்த ஜோடி தொடுகிறது, எது தொடவில்லை, ஆரம்ப இடைவெளி எவ்வளவு, ஆரம்ப ஊடுருவல் எவ்வளவு என்று மென்பொருளே பட்டியல் தரும். ஒரு சில நிமிட வேலை. இரவு முழுக்க ஓடி வீணாகும் ரன்னை இது மிச்சப்படுத்தும்.

ரன் முடிந்ததும் முதலில் விசைச் சமநிலை. காண்டாக்ட் வழியாகக் கடக்கும் மொத்த விசை, நாம் கொடுத்த லோடுக்குச் சமமாக இருக்க வேண்டும். பிறகு ஊடுருவல்: அந்த இடத்தில் பார்ட் நகர்ந்த தூரத்தோடு ஒப்பிட்டால் அது அற்பமாக இருக்க வேண்டும். பிறகு அழுத்தப் படம்: வழவழவென்று மாறுகிறதா, நோடுக்கு நோடு ஏறி இறங்குகிறதா? கடைசியாக, காண்டாக்ட் ஸ்டிஃப்னஸை 10 மடங்காக்கி ஒரு ரன், மெஷ்ஷைப் பாதியாக்கி ஒரு ரன். விடை அசையவில்லை என்றால்தான் அது பொருளின் விடை. அசைந்தால் அது இன்னும் நாம் கொடுத்த எண்ணின் விடை.

இன்னொரு சின்ன விஷயம். ரிசல்ட் படத்தில் ஒரு பார்ட் இன்னொன்றுக்குள் புகுந்திருப்பது தெரிந்தால், உடனே கலங்காமல் உருமாற்ற அளவுகோலை 1 ஆக்கிப் பாருங்கள். மென்பொருள் இயல்பாகவே சில நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டும். பெரிதாக்கிய படத்தில் சரியான காண்டாக்ட்கூட ஊடுருவியதுபோலத் தெரியும்.

மாணவர்களுக்கு

விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் இல்லை என்று தயங்க வேண்டாம். கால்குலிக்ஸ் இலவசம். எம்டியு ஏரோ என்ஜின்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கீடோ டோண்ட், கிளாஸ் விட்டிக் இருவரும் எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்ட மென்பொருள் அது. அதன் இன்புட் ஃபைல் அபாகஸ் ஃபைலின் நடையிலேயே இருக்கும், ஆகவே இங்கே கற்றது நாளைக்கு வேலையிலும் உதவும். மேலே சொன்ன பந்தும் தகடும், ஷாஃப்ட்டும் ஹப்பும், இந்த இரண்டையும் முதலில் செய்து முடியுங்கள். இரண்டுக்கும் கையால் போட்ட விடை இருப்பதால், உங்கள் மாடல் உண்மை சொல்கிறதா என்று யாரையும் கேட்காமல் நீங்களே அறிந்துகொள்ளலாம்.

வேலையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரிப்போர்ட்டில் மெட்டீரியலுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது, லோடுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. காண்டாக்டுக்கும் ஓர் அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வரி: எந்தப் பரப்பும் எந்தப் பரப்பும், பாண்டெட்டா உராய்வா, உராய்வுக் கெழு எவ்வளவு, ஏன் அப்படி எடுத்தோம், ஊடுருவல் அதிகபட்சம் எவ்வளவு வந்தது. ஏன் என்ற கட்டத்தை நிரப்ப முடியாத ஜோடி எதுவோ, அதுதான் நீங்கள் மறுபடி திறந்து பார்க்க வேண்டிய ஜோடி. படிப்பவரும் கலர் படத்தைப் பார்த்துத் தலையாட்டாமல், நீங்கள் என்ன சொல்லிக் கணக்குப் போட்டீர்கள் என்பதைப் பார்த்துக் கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி ரிப்போர்ட் படிக்கும் மேசையிலேயே வந்துவிட வேண்டும். பிராக்கெட்டை மாட்டி, அதன் கீழே ஆள் நிற்கும்போது வரக் கூடாது.